ஓய்வு நேரத்தில் நடக்கும் திறமூல மென்பொருள் வேலை: நாட்காட்டியும் பணிப்பலகையும் அமைக்க முழுமையான வழிகாட்டி

நவம்பர் மழையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பாதைகள் மூடிக் கிடந்த ஒரு கிழமை. எங்கள் திட்டத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் ஊருக்குப் போனவர், திரும்ப முடியவில்லை. கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. பள்ளிக்கூட நூலகங்களுக்காக நாங்கள் எழுதிவரும் திறமூல (நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய) மென்பொருளின் திரைச் சொற்களைத் தமிழாக்கும் வேலை அவர் கையில் இருந்தது. எவ்வளவு முடித்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பொறுத்துப் பார்த்த காத்தான்குடி நண்பர், இரண்டு இரவு கண்விழித்து முழுவதையும் தானே செய்து முடித்தார். பாதை திறந்ததும் தம்பி மடிக்கணினியோடு வந்தார். அதில் அதே வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது.

ஒருவரும் கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தத் தம்பி எந்த வேலையையும் எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய நட்டமாகப் பட்டது.

சம்பளம் இல்லாத வேலையில் மழை வரும், பரீட்சை வரும், வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போகும். எடுத்த வேலையைக் கீழே வைக்க வேண்டி வந்தால் கூச்சமில்லாமல் வைக்க ஒரு இடம் வேண்டும்; அடுத்தவர் அதை வைத்த இடத்திலிருந்து அப்படியே தூக்கவும் முடியவேண்டும். நாட்காட்டி, பணிப்பலகை (வேலைகளை அட்டைகளாக அடுக்கிக் காட்டும் திரைப் பலகை) எல்லாம் அதற்காகத்தான் என்று நம்புகிறேன். மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று இங்கே ஐந்து பேர், டொரன்டோவில் ஒரு அக்கா, லண்டனில் ஒரு அண்ணன் என ஏழு பேர் சேர்ந்து தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த முறை இது. மூன்று பேருக்கும் பொருந்தும், பதினைந்து பேருக்கும் பொருந்தும்.

முதல் படி: கையில் இருக்கும் நேரத்தை எண்ணுங்கள்

வேலையைப் பட்டியல் போடுவதற்கு முன் நேரத்தைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு சாதாரண கிழமையில் எத்தனை மணித்தியாலம் தரமுடியும்? எந்த நாட்களில், எந்த நேரத்தில் கட்டாயம் முடியாது?

கூட்டத்தில் எல்லோர் முன்னும் கேட்டால் ஆளுக்கு ஆள் கூட்டித்தான் சொல்வார்கள். தனியாகக் கேட்டாலும், வந்த எண்ணைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஏழு பேர், ஆளுக்கு 3 மணித்தியாலம் என்றால் கிழமைக்கு 21. பாதியாக்கினால் ஏறக்குறைய பத்து. திட்டம் போடுவது அந்தப் பத்துக்கு மட்டும்தான். அதிலும் மூன்று மணித்தியாலம் மற்றவர் எழுதியதைப் பார்த்துச் சரி சொல்வதற்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதற்கும் போய்விடும். மிச்சம் ஏழு. முதல் தடவை இந்தக் கணக்கைப் பார்த்தபோது மனம் சோர்ந்தது உண்மை. ஆனால் ஏழு மணித்தியாலத்துக்குப் போட்ட திட்டம் அந்தப் பருவத்தில் நிறைவேறியது. அதற்கு முந்தியவை ஒன்றும் நிறைவேறவில்லை.

இரண்டாம் படி: 'இல்லை' நாட்களை முதலில் குறியுங்கள்

இங்கே வேளாண்மை செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குக் கன்னக் கூட்டம் தெரியும். போகம் தொடங்க முன் குளத்துத் தண்ணீரை நம்பியிருக்கிற எல்லோரும் கூடி, விதைப்புக்குக் கடைசித் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, மூடும் திகதி, வட்டை எனும் வயல்வெளியிலிருந்து மாடுகளை அகற்ற வேண்டிய திகதி என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பார்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் ஒரு வயலுக்கு மட்டும் தனியாக வராது. ஒருவர் பிந்தி விதைத்தால் அவருக்காகக் கடைசியில் வாய்க்காலைத் திறந்து வைக்க வேண்டும். அப்போது பக்கத்து வயலில் வெட்டுக்கு நிற்கும் கதிர் நனையும். அதனால்தான் திகதியை ஒருவர் அறிவிப்பதில்லை, கூடிப் பேசி ஒப்புக்கொள்கிறார்கள்.

நாங்களும் வருடத்தில் இரண்டு தடவை அப்படிக் கூடுகிறோம். அன்று முதலில் குறிப்பது வேலை செய்ய முடியாத நாட்களை. எங்கள் நாட்காட்டியில் நிற்பவை இவை: தை கடைசியிலிருந்து பங்குனி வரை பெரும்போக வெட்டு, நோன்பு மாதம், சித்திரை வருடப் பிறப்புக் கிழமை, வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கும் குளிர்த்தியும், ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத் திருவிழா, நத்தார், நவம்பர், டிசம்பர் மழை. நோன்பு வருடா வருடம் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும் என்பதால் போன வருடத்துத் திகதியைப் பிரதி எடுக்கக்கூடாது.

பல்கலைக்கழக, பாடசாலைச் சோதனைகளை உத்தியோகபூர்வ அறிவித்தல் வந்தபிறகே போடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். அதனால் எங்கள் நாட்காட்டியில் நவம்பர் நடுவிலிருந்து தை நடு வரை ஒரே நிறம். அந்தக் காலத்தில் முக்கியமான எதையும் முடிப்பதாக நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

இன்னொன்று. 'இல்லை' என்று குறிப்பவர் காரணம் எழுதத் தேவையில்லை. வைத்தியசாலையா, கோயிலா, தொழுகையா, மனம் சரியில்லையா, அது அவர் பாடு. திறமூலத் திட்டத்தின் பக்கங்களை உலகமே பார்க்கும். அங்கே ஒருவருடைய வீட்டு விசயம் கிடக்கக்கூடாது. வெறும் 'இல்லை' போதும்.

மூன்றாம் படி: பொது நாட்காட்டி

கூகுள் நாட்காட்டியோ, சொந்தமாக நிறுவிய நெக்ஸ்ட்கிளவுட் என்ற திறமூலச் செயலியோ, எதுவானாலும் பரவாயில்லை. நான்கு விசயம் கவனியுங்கள்.

ஒன்று, திட்டத்துக்கென்றே புதிதாக ஒரு நாட்காட்டி உருவாக்குங்கள். ஒருவருடைய சொந்த நாட்காட்டியைப் பகிரவேண்டாம்.

இரண்டு, மாற்றவும் பகிரவும் முழு உரிமை குறைந்தது இரண்டு பேருக்காவது இருக்கட்டும். ஒரே ஒருவர் வைத்திருந்து, அவருடைய போன் தண்ணீரில் விழுந்தால் எல்லோரும் நிற்கவேண்டியதுதான். மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமையோடு, தங்கள் 'இல்லை' நாட்களைச் சேர்க்க ஒரு வழி.

மூன்று, ஐகேல் வடிவ முகவரியை எல்லோருக்கும் அனுப்புங்கள். 'ஐசிஎஸ்' என்று முடியும் அந்த முகவரியை பெரும்பாலான நாட்காட்டிச் செயலிகள் வாசிக்கும், ஆகவே கூகுள் கணக்கு வேண்டாம் என்பவரும் ஒதுங்கிப்போக மாட்டார். ஆனால் அப்படி இணைத்த நாட்காட்டியில் மாற்றங்கள் உடனே வந்து சேராது, பல மணித்தியாலம் பிந்தலாம். இன்று பின்னேரக் கூட்டம் இன்று இடம்மாறினால் தனியாகச் செய்தி அனுப்பியே ஆகவேண்டும்.

நான்காவதுதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது: நேரவலயம். எங்கள் முதல் கூட்டத்துக்கு '8 மணி' என்று எழுதினோம். இரண்டு பேர் காலை 8 மணிக்கு வந்து காத்திருந்தார்கள். பிறகு 'இரவு 8 மணி' என்றோம். அந்தத் தொடர் நிகழ்வை டொரன்டோ அக்கா தன் கணினியில் உருவாக்கியதால் அது டொரன்டோ நேரத்தோடு ஒட்டிக்கொண்டது. மார்ச்சில் அங்கே கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி வைத்ததும் எங்கள் கூட்டம் இங்கே இரவு 7 மணிக்கு வந்து நின்றது.

இலங்கை நேரம் கிறீன்விச்சிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னால், வருடம் முழுக்க அப்படியே. ஆகவே தொடர் கூட்டங்களை 'ஆசியா/கொழும்பு' வலயத்தில் உருவாக்குங்கள். பெரும்பான்மை ஆட்கள் இருக்கும் இடத்து நேரம் அசையாமல் நிற்கும், வெளிநாட்டில் இருப்பவர்களின் நேரத்தைச் செயலியே மாற்றிக் காட்டும். ஞாயிறு இரவு 8 என்பது டொரன்டோவில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30, லண்டனில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 2.30. டொரன்டோவில் மணிக்கூடு மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறும், பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று கிழமை இரண்டு ஊரும் தங்களுக்குள்ளேயே ஒத்துவராது. அந்தக் கிழமைகளில் அறிவித்தலில் மூன்று ஊர் நேரத்தையும் எழுதுவது எங்கள் வழக்கம்.

நோன்பு மாதத்தில் இரவு 8 மணி தராவீஹ் தொழுகை நேரம். காலைக்கு மாற்றினால் அக்காவுக்கு நடுச்சாமம். எல்லோருக்கும் பொருந்தும் நேரம் இல்லாதபோது யாரையாவது விட்டுவிட்டுக் கூடுவதை நாங்கள் விரும்பவில்லை. அந்த மாதம் கூட்டமே வைப்பதில்லை. ஆளுக்கு நான்கு வரி எழுதிப் போடுவதோடு சரி.

நான்காம் படி: வேலை எழுதப்படும் இடம் ஒன்றே ஒன்று

வட்ஸ்அப்பில் கதையுங்கள், போனில் கதையுங்கள், கல்லடிப் பாலத்தில் நின்றும் கதையுங்கள். ஆனால் வேலை என்று ஒன்று பிறந்தால் அது திட்டத்தின் இஷ்யூ (செய்யவேண்டிய வேலை அல்லது கண்ட பிழை பற்றிய பதிவு) பட்டியலில் எழுதப்பட வேண்டும். நிரலை வைக்கும் இணையத்தளங்கள் பல உண்டு. கிட்ஹப்பில் இருந்தால் அங்கேயே, கிட்லேபிலோ கோட்பெர்க்கிலோ இருந்தால் அங்கே. நிரலும் வேலைப் பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு இணைப்புக் கொடுக்கலாம். தனியாக ஒரு விரிதாள் வைத்தும் பார்த்தோம். மூன்றாம் கிழமையே அது ஒன்று சொல்ல, இஷ்யூ பட்டியல் வேறொன்று சொன்னது.

வட்ஸ்அப் குழுவில் யாராவது 'இது பிழையாக இருக்கே' என்று எழுதினால், முதலில் பார்ப்பவர் அதை இஷ்யூவாக எழுதி இணைப்பை அங்கே போடுவார். சொன்னவரிடமே 'நீங்களே போய் எழுதுங்கள்' என்று சொல்வதில்லை. நூலகப் பொறுப்பில் இருக்கும் ரீச்சர் ஒருவர் பிழையைக் கண்டு சொல்கிறார் என்றால் அதுவே பெரிய உதவி.

ஐந்தாம் படி: அந்நியர் வாசித்து எடுக்கும்படி எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். 'தேடலைச் சரிசெய்' என்று ஒரு வரியில் எழுதிய வேலையை எழுதியவர் மட்டும்தான் செய்யமுடியும். அவருக்கே மூன்று மாதம் கழித்து விளங்காது. எங்கள் பட்டியலில் உண்மையில் இருந்த ஒன்றை அப்படியே தருகிறேன்.

தலைப்பு: தேடலில் 'கொக்கட்டிச்சோலை' அகப்படவில்லை, புத்தகம் பட்டியலில் இருக்கிறது.

எப்படிப் பார்ப்பது: மாதிரித் தரவை ஏற்றுங்கள். கணினி விசைப்பலகையில் அந்தச் சொல்லைத் தட்டினால் புத்தகம் வரும். கோப்பிலிருந்து பிரதியெடுத்து ஒட்டினால் வராது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

காரணம் என்று நினைப்பது: யூனிகோடில் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் பொதுத் தரம்) 'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் இரண்டு தனிக் குறியீடுகளாக வரலாம். 'சோ' என்பதிலும் அப்படியே. யூனிகோடு தரம் இரண்டையும் சமம் என்கிறது, எங்கள் தேடல் குறியீடுகளை அப்படியே ஒப்பிடுவதால் சமமாக எடுப்பதில்லை.

முயன்று பார்க்கலாம்: சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்துகளை என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடு) வடிவத்துக்கு மாற்றுதல். பைத்தன் நிரல்மொழியில் இதற்கு வசதி உள்ளது.

முடிந்தது என்பதற்கு அடையாளம்: இரண்டு விதமாகத் தந்தாலும் புத்தகம் வரவேண்டும், பழைய பதிவுகளும் அகப்பட வேண்டும், இதற்கு ஒரு சோதனை நிரல் இருக்க வேண்டும்.

அளவு: இரண்டு இரவு.

இதை எழுத எனக்கு அரைமணித்தியாலம் பிடித்தது. செய்து முடித்தவர் நாங்கள் அதுவரை கேள்விப்படாத ஒரு மாணவி. ஒரு கேள்விகூடக் கேட்காமல் மூன்றாம் நாள் புல் ரிக்வெஸ்ட் (செய்த மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினார். இன்று கிழமைக் கூட்டத்தை நடத்துபவர்களில் அவரும் ஒருவர்.

'முடிந்தது என்பதற்கு அடையாளம்' என்ற பகுதியை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். அது இல்லாத வேலை முடிந்ததா இல்லையா என்பது பார்ப்பவரின் மனநிலையைப் பொறுத்துப் போய்விடும். அளவை மணித்தியாலத்தில் எழுதாமல் 'ஒரு இரவு', 'இரண்டு இரவு', 'ஒரு வார இறுதி' என்று எழுதுங்கள். அதைவிடப் பெரிய வேலை என்றால் உடைத்து இரண்டு மூன்றாக்குங்கள். புதியவர்களுக்குப் பொருத்தமான வேலைகளுக்குத் தனி லேபல் ஒட்டி, எப்போதும் நான்கைந்து இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றை அனுபவமுள்ளவர்கள் அவசரத்தில் முடித்துவிடக்கூடாது.

ஆறாம் படி: நான்கு நெடுவரிசைப் பலகை

பெரிய திட்டங்களின் பலகையைப் பார்த்து நாங்களும் ஒன்பது நெடுவரிசை வைத்தோம். அட்டையை நகர்த்துவதே வேலையாகிப் போனது. இப்போது நான்குதான்: 'எடுக்கலாம்', 'ஒருவர் கையில்', 'பார்த்துச் சொல்லவேண்டும்', 'முடிந்தது'. முடிவெடுக்காத யோசனைகள் பலகைக்கே வராது, பட்டியலில் கிடக்கும்.

ஒருவர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் கூடாது. 'பார்த்துச் சொல்லவேண்டும்' நெடுவரிசையில் நான்கு சேர்ந்துவிட்டால் யாரும் புதிதாக எடுக்காமல் முதலில் அவற்றைப் பார்க்கவேண்டும். தொண்டுத் திட்டங்களில் ஆட்கள் விட்டுப்போவதற்குப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். தூக்கத்தை விட்டு எழுதி அனுப்பியதை ஒரு மாதம் யாரும் திறந்தே பார்க்கவில்லை என்றால் யாருக்குத்தான் திரும்பி வர மனம் வரும்? முழுதாகப் பார்க்க நேரமில்லாவிட்டாலும் மூன்று நாளுக்குள் 'கிடைத்தது, ஞாயிறு பார்க்கிறேன்' என்றாவது எழுதுங்கள்.

அட்டை தானாக நகர்வதற்கு ஒரு சின்ன வசதி உண்டு. புல் ரிக்வெஸ்ட் விளக்கத்தில் ஃபிக்ஸஸ் என்ற ஆங்கிலச் சொல்லையும் இஷ்யூ எண்ணையும் எழுதினால், அது பிரதான கிளையில் (திட்டத்தின் முதன்மை நிரலில்) மேர்ஜ் ஆனதும், அதாவது சேர்ந்ததும், அந்த இஷ்யூ தானே மூடிக்கொள்ளும்.

ஏழாம் படி: எடுப்பதும் திருப்பி வைப்பதும்

எடுப்பவர் இஷ்யூவின் கீழே 'எடுக்கிறேன்' என்று எழுதுவார், பொறுப்பாளர் அவர் பெயரைப் போடுவார். அதிலிருந்து 14 நாள். இடையில் ஒரு வரி எழுதினால் இன்னும் 14 நாள். ஒன்றுமே வராவிட்டால் அந்த மாதப் பொறுப்பாளர் இப்படி எழுதுவார்: 'நேரம் கிடைக்கவில்லை போல, பரவாயில்லை. வெள்ளி வரைக்கும் பார்த்துவிட்டு இதைத் திரும்ப எடுக்கலாம் பக்கம் வைக்கிறேன். செய்தது எவ்வளவாக இருந்தாலும் இணையத்தில் ஏற்றிவிடுங்கள், அடுத்தவருக்கு உதவும்.' இந்தச் சொற்களை எல்லோருமாக இருந்து எழுதினோம், எல்லோருக்கும் இதையேதான் அனுப்புகிறோம். எனக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தனியாக எழுதினால்தான் அது குற்றச்சாட்டாகப் படும்.

திருப்பி வைப்பவர் மூன்று விசயம் எழுதவேண்டும்: எதுவரை வந்தது, எங்கே தடக்கியது, கிளையின் (அந்த வேலைக்கென்று பிரித்த நிரல் பிரதியின்) பெயர் என்ன.

இதற்கு அரைகுறை வேலையும் வெளியே இருக்கவேண்டும். கிட் என்பது ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றையும் வைத்திருக்கும் முறை. இணையம் இல்லாமலே கமிட் செய்யலாம், அதாவது செய்த மாற்றத்தைக் கணினியிலேயே பதியலாம். கரண்ட் இருக்கும்வரை எழுதுங்கள், கமிட் செய்யுங்கள், சிக்னல் கிடைத்த நேரம் புஷ் செய்யுங்கள், அதாவது இணையத்தில் ஏற்றுங்கள். முதல் நாளே 'டிராஃப்ட்' (இன்னும் முடியாத) புல் ரிக்வெஸ்ட் ஒன்றைத் திறந்துவிடுங்கள். முடியாத வேலையைக் காட்ட வெட்கமாக இருக்கும் என்று பலர் சொன்னார்கள். அதனால் நான் முதலில் என்னுடைய அரைகுறைகளைப் போடத் தொடங்கினேன், பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. மழைக்காலத்தில் வானிலை அறிவித்தல் வந்தவுடன் குழுவில் ஒரு வரி போகும்: 'கையில் இருப்பதை இன்றிரவே புஷ் பண்ணுங்கோ.'

எட்டாம் படி: கிழமைக் கூட்டமும் தீர்மானமும்

40 நிமிடம், அதற்குமேல் இல்லை. பலகையைத் திரையில் விரித்து வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் போங்கள். முடியப்போகிறவை முதலில், புதியவை கடைசியில். பேசும்போதே ஒருவர் குறிப்பு எழுதுவார். டேட்டா முடிந்துவிட்டது, குழந்தை அழுகிறது என்று வராதவர்களுக்கு அந்தக் குறிப்புத்தான் கூட்டம்.

அதனால் கூட்டத்தில் எதையும் முடிவாக்க வேண்டாம். பேசியதை இஷ்யூவில் முன்மொழிவாக எழுதி 72 மணித்தியாலம் விடுங்கள். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களிலும் வாக்கெடுப்புக்குக் குறைந்தது 72 மணித்தியாலம் விடுவது வழக்கம். எந்த நாட்டில் எந்த வேலையில் இருப்பவரும் ஒரு தடவையாவது பார்க்க அவ்வளவு வேண்டும். மறுப்பு வராவிட்டால் அது தீர்மானம்.

கூட்டத்தை நடத்துவதும் பலகையைத் துப்புரவாக்குவதும் மாதத்துக்கு ஒருவர் என்று சுழலட்டும். துப்புரவுக்குக் கிழமைக்கு 20 நிமிடம் போதும்: 14 நாள் தாண்டியவற்றுக்குச் செய்தி, ஒரே விசயத்தை இரண்டு தடவை எழுதியிருந்தால் சேர்ப்பது, விளங்காததற்குக் கேள்வி.

ஒன்பதாம் படி: வெளியீட்டுத் திகதி

உபுண்டு இயங்குதளத்தின் புதிய பதிப்பு ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வருகிறது, லிப்ரே ஒஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் பதிப்பு பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும். திகதி நிற்கும், தயாரானது ஏறும், தயாராகாதது அடுத்ததுக்குப் போகும். சிறிய திட்டத்துக்கும் இதுவே நல்லது. 'இந்த வசதி முடிந்ததும் வெளியிடுவோம்' என்றால் அந்த ஒருவரின் தலையில் எல்லோருடைய காத்திருப்பும் ஏறும்.

எங்களுக்கு ஏப்ரல் இறுதியும் செப்டம்பர் இறுதியும். வெட்டும் வருடப் பிறப்பும் கழிந்து ஒன்று, மழைக்கு முன் ஒன்று. வெளியீட்டுக்கு மூன்று கிழமை முன் திரைச் சொற்களை யாரும் மாற்றக்கூடாது, மொழிபெயர்ப்பவர்களுக்கு அந்த நேரம் வேண்டும். ஒரு கிழமை முன் பிழைதிருத்தம் மட்டும். இரண்டு திகதியையும் நாட்காட்டியில் போட்டு, இஷ்யூக்களை அந்த வெளியீட்டின் மைல்ஸ்டோனில் (அதற்கென்று சேர்த்த வேலைத் தொகுப்பில்) இணைத்தால், எத்தனை மிச்சம் என்று யார் கேட்டாலும் ஒரு இணைப்பை அனுப்பலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒன்பதையும் ஒரே நாளில் செய்யவேண்டாம். இந்த ஞாயிறு நேரக் கணக்கும் 'இல்லை' நாட்களும். அடுத்த ஞாயிறு ஐந்தே ஐந்து வேலையை மேலே காட்டியபடி எழுதுங்கள். பலகை அதற்குப் பிறகு.

அந்தத் தம்பி இப்போது திரைச் சொற்களுக்கு முழுப் பொறுப்பு. போன மழையிலும் பாதை மூடியது. மூடுவதற்கு முதல் நாள் இரவு அவருடைய டிராஃப்டில் இப்படி இருந்தது: '63 சொல் முடிந்தது. இரவல் பக்கம் தொடவில்லை. "ரினியூ" என்பதற்கு நீடிப்பா புதுப்பிப்பா என்று முடிவெடுக்க வேண்டும். கரண்ட் போகப்போகுது, யாராவது எடுங்கோ.' காத்தான்குடி நண்பர் 64-ஆவது சொல்லிலிருந்து தொடங்கினார்.